ரெக்கை வந்தபின் நாலு மாசம்

பதினோரு மணிக்கு வருகிறேன் என்று அந்தப் பெண் போனில் சொல்லியிருந்தாள். இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. அதற்குள் மேல்தட்டு முழுக்கத் தீனி போட்டுவிடலாம் என்று நாச்சிமுத்து முதல் டப்பாவின் மூடியைக் கழற்றினார். ஈரமண்ணின் வாசனை முகத்தில் வந்து படிந்தது. இந்த வீட்டில் பொய் பேசாத ஒரே சமாச்சாரம் இந்த வாசனைதான் என்று தினமும் நினைப்பதை இன்றைக்கும் நினைத்துக்கொண்டார். வடவள்ளி வீட்டின் மாடியில் இந்த ஒற்றை அறைக்குள் நூற்று நாற்பது டப்பாக்கள் இருந்தன. வெளிநாட்டுச் சிலந்திகள், குச்சிப்பூச்சிகள், கும்பிடுபூச்சிகள், தொட்டால் குண்டுமணி மாதிரி சுருண்டுகொள்ளும் மண்பூச்சிகள், எல்லாமே இங்கேயே முட்டையிலிருந்து வந்தவை, எல்லாமே விற்பனைக்கு. இடுக்கியால் ஒரு கரப்பானை எடுத்து உள்ளே விட்டார். சிலந்தி அசையவில்லை. அசையாமல் இருப்பதில் அதற்கு இருக்கிற கௌரவம் எந்த மனுஷனுக்கும் கிடையாது. "அந்தப் பூச்சி விஷயமா வரணுங்க சார்" என்றாளே. விஷயமாம். கல்யாண விஷயமா, நில விஷயமா என்கிற மாதிரி பூச்சி விஷயமா. செத்துப்போச்சு என்று சொல்ல வாய் வராது. வாங்கும்போது மட்டும் எல்லோருக்கும் வாய் நன்றாக வரும். சாப்பிடுமா, கடிக்குமா, பறக்குமா, பேர் சொன்னால் திரும்பிப் பார்க்குமா. அவளுடைய பையன் அதைத்தான் கேட்டான், பேர் வச்சா தெரியுமா அங்கிள் என்று. பன்னிரண்டு வயது இருக்கும், முடியை ஒரு பக்கம் மழித்துவிட்டு இன்னொரு பக்கம் வளர்த்திருந்தான். ஆடி மாசம் முதல் வாரம். இப்போது புரட்டாசி. பதினோரு வாரம் கழித்து என்ன விஷயம்? செத்து இரண்டு மாசம் ஆகியிருக்கும், இப்போதுதான் யாரோ தூண்டிவிட்டிருக்கிறார்கள், போய்க் கேளு, ஏமாத்திட்டாங்கன்னு சொல்லு, வேற வாங்கிட்டு வா என்று. புருஷனாக இருக்கலாம். இல்லை, அவளுக்கே இன்றைக்குக் காலையில் ரோஷம் வந்திருக்கலாம். விஷயமா. அந்த வார்த்தை பல்லிடுக்கில் மாட்டின நார் மாதிரி வரவும் மாட்டேன் என்கிறது, விழுங்கவும் முடியவில்லை.

அடுத்த டப்பா. அடுத்தது. வாங்குகிறவர்களைப் பற்றி நினைக்காமல் இந்த வேலையைச் செய்ய முடிந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும். தாடி வைத்த ஒருத்தன் போன வாரம் வந்தான், கடிக்குமா சார் என்றான், கடிக்காது என்றதும் முகம் தொங்கிப்போய்விட்டது, சரி, கடித்தால் ஒரு நாள் கை வீங்கும் என்று சொன்னதும் கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிட்ட மாதிரி ஒரு சிரிப்பு. சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன் ஒருத்தன், நீல நிறத்தில் சிலந்தி வேண்டும், ஹால் சுவருக்குப் பொருத்தமாக இருக்கும் என்றான். ஒரு டாக்டர் வீட்டு அம்மா பிறந்தநாள் விழாவுக்கு வருகிற குழந்தைகளுக்குக் கையில் கொடுத்தனுப்ப முப்பது குச்சிப்பூச்சி கேட்டாள், தனித்தனியாக ரிப்பன் கட்டித் தருவீர்களா என்று வேறு. கட்டித் தரவில்லை. ஆனால் முப்பதையும் கொடுத்தார். மறுநாள் காலையில் முப்பதும் குப்பைக்கூடையில் கிடக்கும் என்று தெரியும், தெரிந்துதான் கொடுத்தார், அந்த அம்மாவின் காரில் ஏற்றும்போது நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றுகூடச் சொன்னார். பேரூரிலிருந்து ஒரு மளிகைக்காரர் தேள் இருந்தால் வியாபாரம் விருத்தியாகுமாமே, எந்தத் திசை பார்த்து வைக்க வேண்டும் என்று கேட்டார். தென்மேற்கு என்று சொல்லி அனுப்பினார். இவர்கள் யாருக்கும் உயிர் வேண்டாம். வீட்டுக்கு வருகிறவன் வாயைப் பிளக்க வேண்டும், அதைப் போனில் படம் பிடிக்க வேண்டும், தீர்ந்தது. இவர்களுக்கு முன்னால் சிலந்தி எட்டுக் கண்ணோடு உட்கார்ந்திருக்கிறது, எட்டும் இவர்களைப் பார்ப்பதற்கு வீண். அதுகூட நல்ல பார்வை இல்லாத கண்கள், அந்த மட்டில் கொடுத்துவைத்தது.

காலேஜில் மட்டும் என்ன வாழ்ந்தது. இருபத்தாறு வருஷம் விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாள். மெழுகுத் தட்டில் கரப்பானை மல்லாத்தி ஊசி குத்தித் தயார் பண்ணி வைக்க வேண்டும், பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வரும், பேராசிரியர் பத்து நிமிஷம் கழித்து வருவார். அந்த மனிதர் இருபது வருஷமாக ஒரே படத்தைத்தான் கரும்பலகையில் போட்டார், கும்பிடுபூச்சியின் முன்கால். ஒருநாள் ஜன்னல் கம்பியில் உயிரோடு ஒரு கும்பிடுபூச்சி உட்கார்ந்திருந்தபோது, நாச்சிமுத்து, அது என்னய்யா வெட்டுக்கிளியா, விரட்டு என்றார். விரட்டினார். விரட்டுகிற பாவனையில் பிடித்து, காலி டிபன் பாக்ஸில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதுதான் ஆரம்பம். பிறகு ஒரு கோடை விடுமுறையில் ஆய்வகத்தை ஒட்டியிருந்த பூச்சிக் காட்சியறையைக் காலி செய்து கம்ப்யூட்டர்கள் போட்டார்கள், கண்ணாடி ஜாடிகளை எல்லாம் வண்டியில் ஏற்றினார்கள், நாச்சிமுத்துவையும் ஒரு ஜாடி மாதிரிதான், வயது ஐம்பத்திரண்டில், கொஞ்சம் மரியாதையாக, மாலை போட்டு அனுப்பினார்கள். பேராசிரியர் பேசினார். நாச்சிமுத்துவின் கைகள் ஒரு டாக்டரின் கைகள் என்றார். கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த தெய்வானைக்குக் கண் கலங்கிவிட்டது, அவளுக்கு எதற்கெடுத்தாலும் கண் கலங்கும், ஆனால் இந்த மாடி அறைப் படியில் பத்தாவது படிக்கு மேல் இந்த நாலு வருஷத்தில் ஒரு தரம் ஏறி வந்ததில்லை. கீழே நின்றே ஏனுங்க என்பாள். ஏனுங்க, சாப்பிட வர்றீங்களா. ஏனுங்க, உங்க ஆளுக யாரோ வந்திருக்கறாங்க. உங்க ஆளுக என்று அவள் சொல்வது வாங்க வருகிறவர்களையா, டப்பாவுக்குள் இருப்பவற்றையா என்று அவருக்கு இதுவரை தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்கிற அளவுக்கு முக்கியமும் இல்லை.

கும்பிடுபூச்சித் தட்டுக்கு வந்துவிட்டார். காய்ந்த இலை மாதிரி இருக்கிற ரகம், சும்மா இருக்கும்போது காற்றில் ஆடுகிற சருகு மாதிரி ஆடும். அந்தப் பெண் வாங்கினதும் இந்த ரகம்தான். இது எட்டுத்தரம் தோல் உரிக்கும், கடைசி உரிப்பில் ரெக்கை வரும், ரெக்கை வந்தபின் நாலு மாசம், அதிகம் போனால் ஐந்து, அதோடு சரி. இந்த ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டு வருகிறவன் நூற்றில் ஒருத்தன். மற்ற தொண்ணூற்றொன்பது பேரும் பெரிசாக் குடுங்க சார் என்பார்கள். குட்டி பார்க்க அழகாக இருக்காது, கொசு மாதிரி இருக்கும், அதை வளர்த்துப் பெரிதாக்கப் பொறுமை வேண்டும். பெரிசாக் குடுங்க. கொடுப்பார். முட்டையெல்லாம் இட்டு ஓய்ந்து, இன்றைக்கோ நாளைக்கோ என்று இருக்கிறதை எடுத்து, நன்றாகத் தண்ணீர் தெளித்து, பளிச்சென்று இருக்கிற டப்பாவில் போட்டுக் கொடுப்பார். பொய் என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. கேட்கவில்லை, சொல்லவில்லை. அறிவில்லாதவனுக்குப் பெரிசு, அறிவுள்ளவனுக்குக் குட்டி, இதில் என்ன தப்பு. மூன்று வாரத்தில் திரும்பி வருவார்கள், டப்பாவைத் தூக்கிக்கொண்டு, முகத்தை அழுகிற மாதிரியோ சண்டை போடுகிற மாதிரியோ வைத்துக்கொண்டு. அதற்கு மூன்று கேள்வி வைத்திருக்கிறார். தண்ணி தெளிச்சீங்களா? வெயில் படற இடத்துல வச்சீங்களா? கையில எடுத்து விளையாடுனீங்களா? இரண்டாவது கேள்விக்கு மேல் யாரும் தாங்கினதில்லை. ஏதாவது ஒன்றைச் செய்திருப்பார்கள், அல்லது செய்யாமல் விட்டிருப்பார்கள். சண்டைக்கு வந்த முகம் மெதுவாகச் சுருங்கும், ஓ என்பார்கள், எங்க மேலதான் தப்பு என்று அவர்களே சொல்லிக்கொண்டு படியிறங்கிப் போவார்கள். ஒருத்தி வாசலில் நின்று அழுதாள், நாந்தாங்க கொன்னுட்டேன் என்று. அவளைச் சமாதானப்படுத்தி, பரவாயில்லை, அடுத்ததைக் கவனமாகப் பாருங்கள் என்று சொல்லி அடுத்ததைக் கொடுத்தார். அதுவும் கிழடுதான். இன்றைக்கு வருகிறவளுக்கும் மூன்று கேள்வி தயார். பதினோரு வாரம் கழித்து வந்தால் என்ன, பதினோரு வருஷம் கழித்து வந்தால் என்ன.

பெரிய சிலந்தியின் டப்பா இருந்த இடம் காலியாக இருந்தது. அதைப் பார்க்காமல் கையை அடுத்த டப்பாவுக்குக் கொண்டுபோனார், ஆனால் பார்க்காமல் இருப்பதும் பார்ப்பதுதான். வியாழக்கிழமை. எட்டு வருஷம் வளர்த்தது, உள்ளங்கை அகலம், காலேஜில் இருந்த காலத்திலேயே வந்தது, வேலையை விட்டபின் அதன் குஞ்சுகளை வைத்துத்தான் இந்த அறையையே நிரப்பினார். மண் மாற்றுவதற்காக ஒரு டப்பாவிலிருந்து இன்னொன்றுக்குக் கைமேல் ஏற்றி நகர்த்தினார், நூறு தரம் செய்த வேலை, வலது கை தானாக ஒரு உதறு உதறியது. யாரோ முழங்கையைத் தட்டிவிட்ட மாதிரி. திரும்பிக்கூடப் பார்த்தார், யார் என்று. இடுப்பு உயரத்திலிருந்து விழுந்தது. அந்த உயரம் போதும், அதன் வயிறு தண்ணீர் நிரப்பின பலூன் மாதிரி. செய்தித்தாளால் தரையைத் துடைத்தார், குரோட்டன்ஸ் தொட்டிக்குள் புதைத்தார், தெய்வானையிடம் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. டாக்டரின் கைகளாம். அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது டம்ளரைப் பிடித்துப் பார்த்தார், ஆடவில்லை, நேற்றுக் காலை சட்டைப் பித்தான் போடும்போது ஆடியது, இப்போது இடுக்கியைப் பார்த்தார், முனை ஆடுகிறதா, இல்லை, தாம் பார்ப்பதால் ஆடுகிறதா. இந்த அறையில் எல்லா வேலையும் விரல் நுனி வேலை. விரல் போனால் என்ன செய்வது. யாரையாவது உதவிக்கு வைத்துக்கொள்ளலாம். யாரை? அந்தத் தாடிக்காரனையா, நீலச் சுவர்க்காரனையா? சீ. இவர்கள் கையில் கொடுப்பதற்கு எல்லாவற்றையும் மருதமலை அடிவாரத்தில் கொண்டுபோய்க் கவிழ்த்துவிடலாம்.

"ஏனுங்க" என்று கீழேயிருந்து தெய்வானை கூப்பிட்டாள். "அந்த ஜெராக்ஸ் கடைக்காரப் பொம்பளை வந்திருக்குதுங்க. மடியில பொட்டி வச்சிருக்குது."

ஜெராக்ஸ் கடையா? அது எப்படி இவளுக்குத் தெரியும்? அதற்குள் விசாரித்துவிட்டாளா, காப்பி கொடுத்திருப்பாள், காப்பி கொடுத்தால் உட்கார்ந்துவிடுவார்கள், உட்கார்ந்தால் எழுந்திருக்கமாட்டார்கள். கையைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள், நாற்பது வயது இருக்கும், சுங்குடிப் புடவை, விரல் நுனிகளில் மிஷின் மை. பெட்டியை இரண்டு கையாலும் மடியில் பிடித்திருந்தாள், மேலே ஒரு துணி மூடியிருந்தது. பிணத்துக்குத் துணி வேறு போட்டிருக்கிறாள் என்று நினைத்தார். பேர் என்ன சொன்னாள், சாந்தாமணி. சார்பதிவாளர் ஆபீஸ் பக்கத்தில் கடை என்று அப்போதே சொன்ன ஞாபகம் இப்போது வந்தது. எழுந்து நிற்கப் போனாள், பெட்டி அசையும் என்றோ என்னவோ பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளைப் பேச விடக்கூடாது. முதலில் பேசுகிறவன்தான் ஜெயிப்பான்.

"தண்ணி தெளிச்சீங்களாம்மா?" என்றார், உட்காராமல்.

"காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்காங்க சார். மேல நேரா அடிக்கறதில்லைங்க. கொசுவலைத் துணி ஒட்டியிருக்கேன், அதுமேல படறாப்ல அடிப்பேன். அது துணியில வாய வச்சுக் குடிச்சுக்கும்."

சரி. ஒருத்தி தெளித்திருக்கிறாள். "வெயில் படற இடத்துல வச்சீங்களா?"

"கடை வடக்குப் பாத்ததுங்க. வெயிலே வராது. மிஷின் சூடுதான் இருக்கும், அதனால ரெண்டடி தள்ளி, முத்திரைத்தாள் அலமாரி மேல வச்சிருக்கேன்."

"கையில எடுத்து விளையாடுனீங்களா?"

"விளையாடலைங்க. ஆனா கையில எடுக்காம எப்படிங்க சார் தீனி குடுக்கறது? அதுக்குத்தான் பிடிக்க முடியறதில்லையே."

முடியறதில்லையே. நாச்சிமுத்துவின் மனசு அந்த இடத்தில் தடுக்கி நின்றது. முடியலை என்று சொல்லவில்லை. முடிந்ததில்லை என்று சொல்லவில்லை. அதற்குள் அவள் துணியை எடுத்துவிட்டாள். டப்பா அவர் கொடுத்த டப்பாதான், ஆனால் உட்புறம் நாலு பக்கமும் பச்சைக் கொசுவலை, மேலே ஒரு தேங்காய்நார்க் கயிறு குறுக்காகக் கட்டியிருந்தது, கீழே பஞ்சு மெத்தை மாதிரி ஏதோ. விழுந்தால் அடிபடாமல் இருக்க. அந்தப் பஞ்சுக்கு மேலே கொஞ்ச உயரத்தில் வலையில் அது தொற்றிக்கொண்டிருந்தது. இரண்டு கண்ணும் வயசாகிக் கரித்துண்டு மாதிரி கறுத்துவிட்டன. பின்காலில் ஒன்றுக்கு நுனி இல்லை, நடுக்காலில் ஒன்று பாதிதான். ரெக்கை ஓரமெல்லாம் கிழிந்து, மடித்து மடித்துப் பழசான பத்திர நகல் மாதிரி இருந்தது. அவர் குனிந்தார். அது தலையைத் திருப்பியது. இந்த ஒரு பூச்சிக்குத்தான் கழுத்து உண்டு, தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கும், பார்த்தது. கொடுக்கும்போதே நாலு மாசம் முடிந்த பூச்சி. இரண்டு வாரம் என்று நினைத்திருந்தார், மூன்று என்றால் அதிகம். பதினோரு வாரம். கூட்டிப்பார்த்தார், மறுபடி கூட்டிப்பார்த்தார். மேலே அந்த அறையில், இத்தனை டப்பாவில், இத்தனை வருஷத்தில், ஒன்றுகூட இவ்வளவு நாள் இருந்ததில்லை. இருந்திருக்குமோ? யார் பார்த்தது, ரெக்கை வந்து முட்டையிட்டதும் அவர்தான் யாருக்காவது பெரிசாகக் கொடுத்துவிடுவாரே.

"என்ன தீனி?" என்று கேட்டார். குரல் பழைய அதட்டலிலேயே இருந்தது, அது ஒரு நிம்மதி.

"ஈ பிடிச்சுக் குடுத்தேன், பிடிக்கத் தெரியலை. அப்புறம் நீங்க குடுத்த கரப்பானை நறுக்கி ஊசியில குத்தி வாய்கிட்ட நீட்டுனேன். இப்ப ஒரு மாசமா அதுவும் மெல்ல முடியலைங்க, உள்ள இருக்கறதை மட்டும் பிதுக்கித் தொட்டுத் தொட்டு வைக்கறேன். நடுவுல தேன்தண்ணி. பையன் நாலே நாள்ல விட்டுட்டான். கடைக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். பத்திரம் நகல் எடுக்க வர்றவங்க வரிசையில நிக்கறப்ப இதைத்தான் பாத்துட்டு நிப்பாங்க. சண்டை போட்டுக்கிட்டு வர்ற அண்ணந்தம்பிககூடப் பேச்சை நிறுத்திட்டுப் பாப்பாங்க."

பைத்தியக்காரி. பூச்சிக்கு ஊட்டிவிட்டுக்கொண்டு. முத்திரைத்தாள் அலமாரிமேல், நாலு வழக்குக்காரன்களுக்கு வேடிக்கை காட்டிக்கொண்டு. நாச்சிமுத்து தமக்குள் எப்போதும் ஓடுகிற அந்தச் சிரிப்பைத் தேடினார், எடுத்து அவள்மேல் போடலாம் என்று. போட்டால் நிற்கவில்லை, வழுக்கிவிட்டது. ஊசி முனையில் பிதுக்கி வாயருகே தொட்டு வைப்பதற்கு விரல் ஆடாமல் இருக்க வேண்டும். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பதினோரு வாரம். மை படிந்த அந்த விரல்களைப் பார்த்தார். சரி, பழகியிருக்கிறாள், தையல்காரி கோக்கவில்லையா ஊசி, இதென்ன பெரிய வித்தை.

"அதுக்கு என்னம்மா இப்போ?" என்றார். "வயசாயிருச்சு. எங்கிட்ட மருந்தெல்லாம் கிடையாது."

"வயசானது தெரியுமுங்க" என்றாள் சாந்தாமணி. "வாங்கின வாரமே பையன் போன்ல படிச்சுச் சொன்னான், ரெக்கை வந்தபின் நாலு மாசந்தான்னு. நீங்க குடுக்கறப்பவே அது முடிஞ்சிருந்துச்சாட்ட இருக்குதுங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க சார்."

அவ்வளவுதான். கத்தவில்லை. உப்புக் கொஞ்சம் குறைச்சல் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். சமையலறை வாசலில் தெய்வானை நின்றுகொண்டிருந்தாள், அவள் கேட்டுவிட்டாள், கேட்டால் கேட்கட்டும். நீங்க கேக்கலை, நான் சொல்லலை என்கிற பதில் நாக்கு நுனியில் இருந்தது. இத்தனை வருஷம் யாருக்கும் சொல்லத் தேவைப்படாத பதில், முதல் தரம் தேவைப்படுகிறது, வெளியே வரவில்லை. இவள் என்ன வேண்டும் என்று வந்திருக்கிறாள்? சண்டை போட்டால் பதில் சொல்லலாம். அழுதால் சமாதானம் சொல்லலாம். இப்படி மடியில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது. வலது கை ஆடத் தொடங்கியது. பின்னால் கட்டிக்கொண்டார்.

"இப்ப என்ன வேணும்?"

"இதே மாதிரி இன்னொண்ணு வேணுமுங்க."

"குட்டி இருக்கு. தரேன்."

"குட்டி வேண்டாமுங்க. இதே மாதிரி வயசானது. இருக்குதுங்களா?"

நாச்சிமுத்துவுக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று இருந்தது. நாலு வருஷத்தில் ஒருத்தர்கூடக் கேட்காததை இவள் வாய்விட்டுக் கேட்கிறாள். "வயசானதை வச்சுட்டு என்ன பண்ணுவீங்க?"

"சின்னதை எப்படிப் பாக்கறதுன்னு எனக்குத் தெரியாதுங்க. அது குதிக்கும், பறக்கும், ஓடும்பாங்க. நான் பழகினது இதைத்தான். எப்பக் களைப்பா இருக்குது, எப்ப விழப்போகுது, வாயை எப்பத் திறக்கும், எல்லாம் தெரியும். கத்துக்கிட்டது வீணாப் போயிருமேன்னு இருக்குது. இது போன அன்னிக்கு வந்து வாங்கற தெம்பு எனக்கு இருக்காதுங்க. அதான் இருக்கறப்பவே வந்தேன்."

இருங்கள் என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஏறினார். முட்டாள். முழு முட்டாள். உலகத்தில் எல்லோரும் பெரிசு கேட்கிறார்கள், இவள் பழசு கேட்கிறாள். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவன்கூட நல்லதா என்று புரட்டிப் பார்ப்பான். கும்பிடுபூச்சித் தட்டுக்கு முன்னால் வந்து நின்றார். கிழடு நாலு இருந்தன, பளிச்சென்று தண்ணீர் தெளித்து, தாடிக்காரன்களுக்காகத் தயாராக. அதில் ஒன்றை எடுத்துக் கொடுத்தால் முடிந்தது. வாழ்நாளில் முதல்தரம், கேட்டதைக் கேட்டபடி, உள்ளதை உள்ளபடி. கை நீண்டது, ஆடியது, டப்பாமேல் விரல் பட்டு டக்டக் என்றது, இறக்கிக்கொண்டார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க சார். ஓரத்தில் தனியாக ஒரு டப்பா இருந்தது. நாலு நாள் முந்திக் கடைசித் தோல் உரித்த பெண் பூச்சி, உரிக்கும்போது சிக்கிக்கொண்டுவிட்டது, ரெக்கை சுருண்டு கசங்கி, நடுக்கால் ஒன்று பாதி ஒடிந்து. விற்க முடியாது, ஊனத்தை எவன் படம் பிடிப்பான். சாயங்காலம் ஏதாவது ஒரு சிலந்திக்குத் தீனியாகப் போட்டுவிடலாம் என்று ஒதுக்கி வைத்தது. பார்ப்பதற்கு நூறு வயதுக் கிழவி. உள்ளே முழு நாலு மாசமும் இருக்கிறது, இவள் கையில் அது எத்தனையாகும், ஐந்தா, ஆறா, ஏழா. ஜெராக்ஸ் கடைக்காரிக்கு இது தெரியப்போவதில்லை. கழிவைத் தள்ளிவிட்ட மாதிரியும் ஆயிற்று. நாலு கிழடும் நாலு பேருக்கு விற்க மிச்சமாயிற்று. அவளை ஒரு தரமாவது ஏமாற்றின மாதிரியும் ஆயிற்று, முதல் தரம் ஏமாற்றினது அவளிடம் செல்லவில்லையே. இதற்காகத்தானா? இதற்காகத்தான். வேறு எதற்காக. வேறு எதற்காகவும் இல்லை என்று படியிறங்கும்போது மூன்று நாலு தரம் சொல்லிக்கொண்டார், அத்தனை தரம் சொல்ல வேண்டியிருந்தது அவருக்கே எரிச்சலாக இருந்தது.

டப்பாவை நீட்டும்போது கை ஆடுவதை அவள் பார்த்துவிட்டாள். தன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அவர் மணிக்கட்டுக்குக் கீழே தன் உள்ளங்கையைத் தாங்கலாகக் கொடுத்து வாங்கிக்கொண்டாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள், கால், ரெக்கை, வயிறு, தலை.

"கண்ணு தெளிவா இருக்குதுங்களே" என்றாள்.

"சிலதுக்குக் கடைசி வரைக்கும் தெளிவாத்தான் இருக்கும்."

"ரெக்கை?"

"வயசு."

"அப்படீங்களா." இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். "எத்தனை நாளைக்குங்க சார்?"

"தீபாவளி தாண்டாது" என்றார் நாச்சிமுத்து. அவருக்கே ஆச்சரியமாக, மேற்கொண்டு பேசினார். "நறுக்கிப் போடறதுக்கு முன்னாடி ஒருக்கா முழுசா விட்டுப் பாருங்க. சிலது வயசானாலும் பிடிக்கும். பிடிச்சுதுன்னா பயந்துக்காதீங்க. டப்பா இன்னும் கொஞ்சம் பெரிசா இருந்தா நல்லது. நார்க்கயிறு ரெண்டு கட்டுங்க."

அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். எவ்வளவு என்று கேட்டதற்கு, சாகப்போறதுக்கு என்னம்மா விலை என்று எரிந்து விழுந்தார். இரண்டு பெட்டியையும் ஒரு துணிப்பையில் பக்கத்தில் பக்கத்தில் நிமிர்த்தி வைத்து, பையைத் தோளில் மாட்டாமல் மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே போனாள். வாசலில் நின்று பார்த்தார். பஸ் நிறுத்தத்துக்கு வெயிலில் போகாமல், எதிர்ச்சாரி வீடுகளின் மதில் நிழலை ஒட்டி ஒட்டி, சுற்றிக்கொண்டு போனாள். பைத்தியக்காரி என்று மறுபடி நினைத்தார். நறுக்கி ஊசியில் குத்தி நீட்டுவாள், அது இரண்டு முன்காலாலும் வெடுக்கென்று பறிக்கும், அலறப்போகிறாள். தீபாவளி வரும், போகும். கார்த்திகை வரும். அப்போதும் சாகாமல் வலையில் தொங்கிக்கொண்டு கழுத்தைத் திருப்பி வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். பையன் போனில் படித்துச் சொல்லுவான்.

தெய்வானை பின்னால் வந்து நின்றாள். "என்னங்க குடுத்து அனுப்புனீங்க?"

"ஏமாத்தி அனுப்பிட்டேன்."

"நல்ல பொம்பளைங்க அது" என்றாள். "எனக்கே ஒரு மாதிரி இருக்குது. கண்டுபுடிச்சுத் திரும்பி வராதுங்களா?"

"வரும். பொங்கலுக்கு முன்னாடி வந்திரும்."

"வந்து வாசல்ல நின்னு கத்துச்சுன்னா?"

"கத்தட்டும்" என்றார் நாச்சிமுத்து.